துலுக்கிய வெள்ளைக் கார்

மோகனூர்க் காவேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, உள்ளங்கையில் சூடம் ஏற்றி, வாயால் ஊதாமல் அதைத் தானாக அணையவிட்டுச் சத்தியம் செய்யலாம்: இந்தக் கதையில் வருகிற ஒரு சொல்லும் பொய்யில்லை. நம்பிக்கை வராதவர்கள் மல்லசமுத்திரம் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால், அவர் அன்றைக்கு வெளியூர் போயிருந்தவர்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது ராசப்பன் துப்பறியும் நிலையம். ராசப்பன் சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். துப்பறிவாளருக்கு அதுதான் இலட்சணம் என்பது அவர் கருத்து. உள்ளே சட்டை கிழிந்திருக்கிறது என்பது உதவியாளர் மலர்விழியின் கருத்து.

அன்று காலை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பெண் உட்காரக்கூட இல்லை.

"என்ற பேரு ஷாலினிங்க. கால்நடை டாக்டர். எங்க ஊட்டுக் காரு பொய் சொல்லுதுங்க."

ராசப்பன் நிமிர்ந்தார். மாதக்கணக்கில் தொலைந்த பூனைகளையும் ஓடிப்போன மாப்பிள்ளைகளையும் தேடிச் சலித்த மனிதர். "கார் பேசுமா அம்மிணி?"

"பேசாதுங்க. துலுக்கும்."

"ஆடுதானேங்க துலுக்கும்?" என்றாள் மலர்விழி. ராசிபுரத்துக்காரிக்கு விஷயம் தெரியும்.

தெரியாதவர்களுக்காக: கொங்குப் பக்கத்தில் சாமிக்கு விட்ட கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கேள்வி கேட்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமிக்குச் சம்மதம். அதுதான் துலுக்குவது. உதறாமல் மரம் மாதிரி நின்றால் சம்மதமில்லை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"மூணு வருசத்துக்கு முந்தி கோயில் நோம்பிக்குப் பிடிச்சுட்டு வந்த கிடாய், நான் வயித்து உப்புசத்துக்கு வைத்தியம் பாத்த கிடாயிங்க," என்றாள் ஷாலினி. "வெட்ட விடமாட்டேன்னு கவுத்தப் புடிச்சு இழுத்தேன். அந்த இழுபறியில மஞ்சத்தண்ணிக் கொடம் எங்கப்பா கார் மேல சாஞ்சுபோச்சு. பேட்டரி ஏறட்டும்னு பானெட்டத் தொறந்து ஓட விட்டிருந்தாங்க. தண்ணி எஞ்சின்ல உழுந்ததும் காரு தலையிலிருந்து வால் வரைக்கும் துலுக்கிப்போடுச்சு. ஊரே குலவை போட்டுது."

"அன்னிக்கிருந்து?"

"எதுக்கெடுத்தாலும் காரைத்தான் கேக்கறாங்க. மரவள்ளி போடறதா மஞ்சள் போடறதா, கெணத்தத் தூர் வாரறதா வேண்டாமா, அல்லாத்துக்கும். பக்கத்துத் தோட்டத்து சின்னண்ணன் கண் ஆபரேசன் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. துலுக்குச்சு. இப்ப ஊசியில நூல் கோக்கறாரு. அதுல காருக்கு இன்னும் பேரு."

"ஆட்டக் காப்பாத்தப் போயி நீங்க மாட்டிக்கிட்டீங்க," என்றாள் மலர்விழி.

ஷாலினியின் கண் கலங்கியது. அவள் கட்டிக்கொள்ள நினைத்திருந்தவன் ஈஸ்வர். மல்லசமுத்திரத்தில் காயில், பிளக் சர்வீஸ் பட்டறை வைத்திருப்பவன். அவன் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றிய வெள்ளிக்கிழமை கார் அசையவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் ஜெகதீஸ்வரன் பெயரைச் சொல்லி ஊற்றினார்கள். கார் கம்பளியை உதறுகிற மாதிரி உதறியது.

"இன்னிக்கு உச்சிக்கு முந்தி வெத்தல பாக்கு மாத்தறாங்க. அதுக்குள்ள இது சூதுன்னு நீங்க காட்டலீன்னா, நான் ரிக் வண்டிக்கு வாக்கப்பட்ட மாதிரிதானுங்க."

ராசப்பன் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டார். பொத்தான் கையோடு வந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

ஷாலினியின் வண்டிக்குப் பின்னால் மலர்விழியின் ஸ்கூட்டர் பறந்தது. கோட்டு காற்றில் உப்பிக்கொண்டது.

"கோட்டப் புடிச்சுக்குங்க சார். பின்னாடி வர்ற லாரிக்காரரு பாராசூட்டுன்னு நெனச்சு பிரேக் போடறாரு."

"பேசாம ஓட்டு மலரு. நான் யோசனை பண்றேன்."

"யோசனை பண்ணுனா வெயிட்டு கூடுதுங்க சார். மைலேஜ் கொறையுது."

மல்லசமுத்திரத் தோட்டத்து வீட்டில், பந்தல் போட்ட வாசலில் ஷாலினியின் அப்பா குமாரசாமி நின்றிருந்தார். வலது மணிக்கட்டில் முட்டை மாவுக் கட்டு. இவர்களைக் கோழிப்பண்ணை இன்சூரன்ஸ்காரர்கள் என்று ஷாலினி அறிமுகம் செய்தாள். கோட்டைப் பார்த்ததும் அவர் நம்பிவிட்டார்.

"வாங்க, வாங்க. எடங்கையில மோர் குடுக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. கைமேல தென்னமட்டை உழுந்துபோச்சு."

"அடடா," என்று ராசப்பன் மோரை வாங்கிக்கொண்டார். ஜெகதீஸ்வரன் வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. குமாரசாமியும் அவர் மனைவி ராமாத்தாளும் சமையல்காரரோடு உப்பு பற்றி வாக்குவாதத்தில் இறங்கியதும் மூவரும் நழுவினார்கள்.

தகரக் கொட்டகையில் நின்றது அந்த வெள்ளைக் கார். முகப்பு விளக்குகளுக்கு விபூதிப் பட்டை. பம்பருக்குக் குங்குமம். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் கரை வேட்டி. பக்கத்தில் டிராக்டர். டிராக்டருக்கு எண்ணெய் ஊற்றுகிற அதே கேனிலிருந்துதான் காருக்கும் ஊற்றுவார்கள். சாமியின் பெயரால் கேனுக்கும் ஒரு பொட்டு.

"பூட்டறதில்லீங்களா?"

"சாமி வண்டிய யாருங்க திருடுவா? சாவி எப்பவும் அதுலயே கெடக்கும்."

ஷாலினி பானெட்டைத் தூக்கினாள். மூன்று வருட மஞ்சள் தண்ணீர் காய்ந்து காய்ந்து, எஞ்சின் முழுக்க அப்பம் மாதிரி படிந்திருந்தது. பேட்டரி மஞ்சள். ஒயர் மஞ்சள். உள்ளே குடியிருந்த பல்லியும் மஞ்சள்.

"சார்," என்றாள் மலர்விழி, "இது எஞ்சினா, லட்டுத் தட்டா?"

ராசப்பனுக்குக் காரில் தெரிந்தது ஹாரன் மட்டும். ஆனால் கண் கூர்மையானது. எஞ்சினின் மண்டையில் வரிசையாகக் குத்தியிருந்த நான்கு ரப்பர் உறைகளை அவர் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"இது என்ன அம்மிணி?"

"பிளக் கேப்புங்க. ஈஸ்வர் சொல்லுவாப்ல. காயில்ல இருந்து வர்ற கரண்டு இதுக்குள்ளாறதான் பிளக்குக்குப் போகும். இதுல கீறல் உழுந்து தண்ணி பட்டுதுன்னா கரண்டு வெளிய தாவிரும். எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும். வண்டி குலுங்கும்."

"துலுக்கும்."

"ஆமாங்க."

"மூணு கறுப்பு. ஒண்ணு மஞ்சள்," என்றார் ராசப்பன்.

மலர்விழி குனிந்தாள். உண்மைதான். மூன்று உறைகள் புத்தம் புதிதாக எருமைக் கன்று போல மின்னின. நான்காவது மட்டும் மூன்று வருட மஞ்சளோடு, குறுக்கே ஒரு கீறலோடு உட்கார்ந்திருந்தது.

"மலரு, நாலு செருப்புல மூணு புதுசு, ஒண்ணு பழசுன்னா என்ன அர்த்தம்?"

"மாட்டிட்டுப் போனது ரெண்டரை ஆளுன்னு அர்த்தம் சார்."

"ரெண்டு ஆளு! புதுசு மாட்டுறவன் நாலையும் மாட்டுவான், மூணோட நிறுத்தமாட்டான். ஒருத்தன் நாலையும் புதுசா மாட்டிருக்கான். அப்புறம் வேற ஒருத்தன் வந்து ஒரு பழசத் திருப்பி மாட்டிருக்கான். ரெண்டு வெள்ளிக்கெழம, ரெண்டு பதிலு. மொதல் வெள்ளிக்கெழம கார் பேசாம நின்னது கெட்டுப்போனதால இல்ல. நல்லா ஆயிட்டதால!"

ஷாலினியின் முகம் வெளுத்தது. "புதுசு மாட்டினது யாருங்க?"

ராசப்பன் ஒரு கறுப்பு உறையைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். விரலில் வெள்ளையாகக் கிரீஸ் ஒட்டியது. "தண்ணி புகாம இருக்க உள்ளாற கிரீஸ் தடவி, மீதிய ஒழுங்காத் தொடச்சிருக்கான். இவ்வளவு பொறுப்பானவன் இந்த ஊர்ல எத்தனை பேரு?"

ஷாலினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பட்டறை நாலு தோட்டம் தள்ளி. ஈஸ்வர் சவரம் செய்யாத முகத்தோடு ஒரு காயிலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"கார்ல கை வெச்சது நீதானே?" என்றார் ராசப்பன், எடுத்த எடுப்பில்.

"ஆமாங்க."

ராசப்பனுக்கு வருத்தமாகிவிட்டது. மறுப்பான் என்று மூன்று கேள்வி தயாராக வைத்திருந்தார்.

"எனக்குக் கேக்கறதுக்கு மொத நாளுங்க," என்றான் ஈஸ்வர். "அவங்கல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. மாமனார் வண்டி மிஸ்ஸிங் அடிக்குதே, ஒரு மரியாதைக்காச்சும் சரி பண்ணி வெப்போம்னு போனேன். காயில் நாலையும் செக் பண்ணி, கேப்பு நாலையும் மாத்தி, கிரீஸ் போட்டு... சுத்தமா பண்ணுனேனுங்க."

ஷாலினி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அட மனுசா! மிஸ்ஸிங் அடிச்சாத்தானே நமக்குக் கல்யாணம்!"

"மிஸ்ஸிங்கோட ஒரு வண்டிய எப்படி அம்மிணி உட்டுட்டு வர்றது?"

"இந்த மாதிரி ஆளுக்குத்தான் பொண்ணு குடுக்கோணும்," என்றாள் மலர்விழி. "நல்ல வேலை பண்ணித் தன் தலையிலயே மண்ணப் போட்டுக்குவாரு. ஊட்ல சண்டையே வராது."

"கழட்டுன பழசு எங்கே?" என்றார் ராசப்பன்.

"மாத்துன சாமானக் கஸ்டமர் கையில குடுத்துருவோமுங்க. அதான பட்டறைப் பழக்கம்? யாரும் இல்லாததால கவர்ல போட்டு முன் சீட்டுல வெச்சுட்டு வந்தேன்."

ராசப்பன் பொத்தானில்லாத கோட்டை இழுத்து மூடினார். "அந்தக் கவரைக் கண்டவன் குற்றவாளி. அவன் பேரு எனக்குத் தெரியும். யாருக்கு லாபமோ அவனே. கெளம்புங்க!"

திரும்பி வந்தபோது பந்தல் நிறைந்திருந்தது. ஜெகதீஸ்வரன் வெள்ளை வேட்டியில், காதில் போனோடு நின்றிருந்தான். பூசாரி கருப்பண்ணன் தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ராசப்பன் பந்தலின் நடுவே போய் நின்று கையை நீட்டினார்.

"நிறுத்துங்க! கார்ல பழைய கேப்பை மாட்டி சாமியை மோசம் பண்ணுனது இந்த ஜெகதீஸ்வரன்!"

மேளம் நின்றது. ஜெகதீஸ்வரன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "ஒரு நிமிசம் லைன்ல இரு," என்றான். பிறகு ராசப்பனிடம், "ஏனுங்க, நான் ஒரு மாசமா ஒடிசாவுல இருந்தேனுங்க. அறுநூறு அடிக்குக் கீழ, தொளை போடற பிட்டு மாட்டிக்கிச்சு. ராத்திரி பஸ் ஏறி இப்பத்தான் எறங்கறேன். கார் துலுக்குனதையே வீடியோ கால்லதான் பாத்தேன்," என்றான். ரிக் லாரிக்கு முன்னால், குடைக்குக் கீழே, எலும்பும் தோலுமாக அவன் நிற்கிற படத்தையும் காட்டினான்.

"இன்சூரன்ஸ்காரருக்கு வெயில் ஒத்துக்கல," என்று யாரோ சொன்னார்கள்.

ராசப்பனுக்குக் காது சூடாகியது. இப்படிப்பட்ட நேரங்களில் அவர் வானத்தைப் பார்ப்பது வழக்கம். பார்த்தார். பந்தலுக்கு வெளியே வானம் மட்டும்தான் இருந்தது. வானத்தை மறைக்க ஒன்றுமே இல்லை. தலையை இறக்கிச் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் மரவள்ளி, இடுப்பளவு உயரத்தில்.

"மலரு. இந்தத் தோட்டத்துல தென்னை எங்கே?"

"ஒண்ணுகூட இல்லீங்க சார். மரவள்ளிக் கெழங்குதான் இருக்குது. அது மேல இருந்து உழுவாதுங்க."

இருவரும் சேர்ந்து குமாரசாமியின் மாவுக்கட்டைப் பார்த்தார்கள். ஊரும் பார்த்தது. ராமாத்தாளும் பார்த்தாள். அவள் பார்வைதான் அவரை உடைத்தது.

"நாந்தான்," என்றார் குமாரசாமி. "ஈஸ்வருக்குக் கேட்டப்ப வண்டி கல்லாட்டம் நின்னுபோச்சு. சாமி போயிருச்சுன்னு பதறிப்போயிட்டேன். அத்தனை ஊர்க்காரங்க வந்து கேக்கற வண்டி. நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? முன் சீட்டுல ஒரு கவரு இருந்துச்சு. பிரிச்சா, மஞ்சளும் குங்குமமுமா நாலு ரப்பரு. சாமி இதுக்குள்ளதான் இருந்திருக்குது, யாரோ கழட்டிப்போட்டாங்கன்னு புரிஞ்சுது. புதுசக் கழட்டிப் பூஜை அலமாரிக்குள்ளாற வெச்சுட்டு, பழசத் திருப்பி மாட்டுனேன்."

"ஒண்ணத்தானுங்களே மாட்டியிருக்கீங்க?" என்றான் ஈஸ்வர்.

"வண்டி ஓடிட்டிருக்கறப்ப ஒண்ண மாட்டறதுக்குள்ள..."

"ஓடற வண்டியிலயா!"

"சாமிய நிறுத்திட்டா மாத்தறது? வெரல் வழியா ஏறி, தோள்பட்டையில ஒரு ஆட்டம் ஆடி, உச்சி வழியா போச்சு மாப்ள. கை தூக்கியடிச்சு பானெட்டுல மோதி மணிக்கட்டு பெசகிப்போச்சு. என்ற மேல சாமி எறங்குனது அதான் மொதத் தடவ."

"அது காயில் கரண்டுங்க."

"நீ பாத்தியா?"

குமாரசாமி அவனை 'மாப்ள' என்று கூப்பிட்டதை ராமாத்தாள் மட்டும் கவனித்து மனதில் முடிந்துகொண்டாள்.

"இதுல என்ன வழக்கு?" என்று பூசாரி கருப்பண்ணன் எழுந்தார். "காரையே கேட்டுப்போடலாம்."

கார் ஸ்டார்ட் செய்யப்பட்டது. டகடகவென்று ஓடியது. ஐஸ் பெட்டிக்குள் குளிர்பானங்களோடு வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்க் குடம் வந்தது. பூசாரி ஒரு சொம்பு மொண்டார்.

"ஜெகதீஸ்வரனுக்குப் பொண்ணக் குடுக்கலாமா?"

கார் துலுக்கியது.

"இன்னொரு சொம்பு ஊத்துங்க," என்றார் ராசப்பன். "ஈஸ்வருக்குக் குடுக்கலாமா?"

கார் துலுக்கியது.

பந்தலில் முணுமுணுப்பு. மலர்விழி சொம்பை வாங்கினாள். "ரெண்டு பேருக்கும் குடுக்கலாமா?"

கார் முன்னைவிட உற்சாகமாகத் துலுக்கியது. முன் சக்கரத்து வேட்டி ஒன்று அவிழ்ந்தது.

"யாருக்குமே குடுக்க வேண்டாமா?"

துலுக்கியது.

கருப்பண்ணனுக்கு வியர்த்தது. "நான் பூசாரியா இருக்கறது சாமிக்குப் புடிக்கலையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டு ஊற்றினார். கார் துலுக்கிய துலுக்கில் கண்ணாடி ஒன்று ஆடியது. அவர் போய்ப் பந்தக்காலோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் ஒண்ணு," என்று ஜெகதீஸ்வரன் முண்டிக்கொண்டு வந்தான். "பிட்டு மேல வருமா சாமி?" துலுக்கியது. உடனே போனில், "வருமாமாடா, இழு!" என்று கத்தினான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தார்கள். ஒடிசாவிலிருந்து குரல் வந்தது: "அண்ணா! வந்துருச்சுண்ணா!"

குலவை எழுந்தது. ராசப்பன் துப்பறிவதை அன்றோடு விட்டுவிடலாமா என்று யோசித்தார்.

ஜெகதீஸ்வரன் காரின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். "எனக்குக் கேட்டது கெடச்சுபோச்சுங்க. பொண்ணு விசயத்த நீங்க பொறுமையாப் பேசிக்குங்க, நான் வாரேன்," என்று சொல்லிப் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது ஷாலினி வீட்டுக்குள் போய், பூஜை அலமாரியில் அப்பா பூவும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டிருந்த நான்காவது புது உறையை எடுத்துவந்து ஈஸ்வரிடம் நீட்டினாள். இதிலும் துலுக்கினால் அவள் கதை முடிந்தது. ஈஸ்வர் காரை நிறுத்தினான். பழசைக் கழற்றினான். குங்குமத்தைத் துடைத்து, உள்ளே கிரீஸ் தடவி, புதுசை அழுத்தினான். டக் என்று உட்கார்ந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தான்.

"இப்பக் கேளுங்கப்பா," என்றாள் ஷாலினி.

குமாரசாமி இடது கையால் சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் எஞ்சின் மேல் ஓடி, தரையில் சொட்டியது. கார் அசையவில்லை. இன்னொரு சொம்பு. அசையவில்லை. கோயில் கல்தூண் மாதிரி நின்று ஓடிக்கொண்டிருந்தது.

குமாரசாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இனி நான் யாரப் போயிக் கேக்கறது?"

"என்னையக் கேளுங்கப்பா," என்றாள் ஷாலினி. "மூணு வருசமா வண்டியத்தான் கேக்கறீங்க. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன்."

சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

ராமாத்தாள்தான் அசைந்தாள். குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். "சாமி, ஈஸ்வருக்கு உன்னையக் குடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே மகளின் தலையில் கவிழ்த்தாள்.

ஐஸ் தண்ணீர். ஷாலினி உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறிய உதறலில் முன்வரிசை முழுக்க மஞ்சளானது.

"துலுக்கிட்டா!" என்று கருப்பண்ணன் துள்ளி எழுந்தார். "வரம் கெடச்சாச்சு!" குலவை மரவள்ளிக் காட்டைத் தாண்டிப் போயிற்று. மேளம் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா!" பற்கள் கிடுகிடுக்க ஷாலினி கேட்டாள். "நான் வாயாலயே சொல்லியிருப்பேனே!"

"நீ வாயால சொன்னா உங்கப்பா நம்புவாரா, கண்ணு?"

குமாரசாமி எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டால் மகள் தலையைத் துவட்டினார். இடது கையால்தான். பிறகு ஈஸ்வரைப் பார்த்து, "வண்டி சத்தமே இல்லாம ஓடுதே மாப்ள," என்றார். தட்டு மாற்றினார்கள். ராசப்பனுக்குப் பந்தியில் முதல் இலை. மலர்விழி ஒரு ஊசி நூல் கேட்டு வாங்கினாள். சின்னண்ணன்தான் கோத்துக் கொடுத்தார். அவள் கோட்டுப் பொத்தானைத் தைத்துவிட்டாள்.

"சட்டை கிழிஞ்சுதான் இருக்குது சார்," என்றாள் நூலைக் கடித்துக்கொண்டே.

அந்த வெள்ளைக் கார் இப்போது சந்தைக்குப் போய்வருகிறது. ஈஸ்வர்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காயிலையும் கேப்பையும் பார்த்துக் கொடுக்கிறான்.

அது டீசல் கார். டீசல் காருக்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, இக்னிஷன் காயிலும் கிடையாது, பிளக் கேப்பும் கிடையாது.